அரளி, அலரி, அரலிய: செடிப் பெயர்களைச் சரிபார்க்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பில் இலங்கைப் பிரதமரின் அதிகாரபூர்வ இல்லத்துக்கு ஆங்கிலத்தில் டெம்பிள் ட்ரீஸ் என்று பெயர். சிங்களத்தில் அரலியகஹ மந்திரய. தமிழ்ச் செய்திகளில் அது அலரி மாளிகை. முதல் இரண்டு பெயர்களும் ஒரே மரத்தைச் சொல்கின்றன: தடித்த மொழுமொழு கிளையும், வெள்ளை இதழின் அடியில் மஞ்சளும், நல்ல மணமும் உள்ள புளூமேரியா. இலங்கை விகாரைகளில் பூசைத் தட்டில் வைக்கும் பூ அது. ஆனால் ‘அலரி’ என்றதும் தமிழருக்கு நினைவில் வருவது வேலியோரத்தில் சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ பூக்கும் நஞ்சுச் செடி. அதன் அறிவியல் பெயர் நீரியம் ஒலியாண்டர். ஒலி ஒத்திருந்ததால் பெயர் மொழி தாண்டிவிட்டது, செடி தாண்டவில்லை.

ஒரு மாளிகைப் பெயரில் இப்படி நேர்ந்தால் யாருக்கும் கேடில்லை. மூலிகைப் பொடிப் பொட்டலத்திலோ கீரைக் குறிப்பிலோ நேர்ந்தால் கேடு உண்டு. மாடித் தோட்டம் போடுபவர், விக்கிப்பீடியாவில் எழுதுபவர், பள்ளியில் மரங்களுக்குப் பெயர்ப்பலகை மாட்டுபவர், பாட்டி சொன்ன பச்சிலையைத் தேடுபவர் என்று பலரும் இன்று செடிப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கிறார்கள். அவர்களுக்காக இது. அடிப்படை விதி ஒன்றுதான்: ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு நேராகத் தாவாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் செடி இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாய்விட்டுப் படிக்க வசதியாக இங்கே அறிவியல் பெயர்களையும் தமிழெழுத்தில் எழுதியிருக்கிறேன். உங்கள் பதிவேட்டில் அவற்றை லத்தீன் எழுத்தில்தான் எழுத வேண்டும். தமிழெழுத்தில் ஒருவர் ‘சென்டெல்லா’ என்பார், இன்னொருவர் ‘செண்டல்லா’ என்பார். தேடினால் எதுவும் அகப்படாது.

முதல் படி: செடியைப் பிடியுங்கள்

பெயர் தெரிவதற்கு முன்பே செடியைப் பற்றி எழுதத் தொடங்குங்கள். முழுச் செடி, இலை தண்டில் அமைந்திருக்கும் விதம், இலையின் அடிப்புறம், பூவின் முகமும் பக்கவாட்டும், காய், மரமானால் பட்டை: இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். பூவை மட்டும் பெரிதாக எடுத்து அனுப்பி “இது என்ன செடி?” என்று கேட்பவர்கள்தான் அதிகம். பூ அழகாக இருக்கும். அடையாளம் பெரும்பாலும் இலை அமைப்பிலும் காயிலும் இருக்கும்.

அரளி என்று சொல்லப்படும் மூன்று செடிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். நீரியம் ஒலியாண்டரில் ஒரு கணுவில் பெரும்பாலும் மூன்று இலைகள் வட்டமாக நிற்கும். காய் நீண்டு, குச்சிபோல் இருக்கும். மஞ்சள் அரளி என்கிற காஸ்கபேலா தெவெத்தியாவில் இலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்டைச் சுற்றி ஏறும், பால் வடியும், பூ குழல்போல் இருக்கும், காய் உருண்டையும் முக்கோணமும் கலந்த வடிவில் பச்சையாக இருந்து கறுக்கும். புளூமேரியாவில் அகன்ற இலைகள் கிளை நுனியில் கொத்தாகக் கூடும்; இலை நரம்புகள் விளிம்போரத்தில் ஒரு கோடாகச் சேர்வதைப் பின்புறம் திருப்பிப் பார்த்தால் தெரியும். மூன்றும் அப்போசைனேசி என்ற ஒரே குடும்பம்தான். மஞ்சள் அரளியும் புளூமேரியாவும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தவை. இலையைக் கிள்ளிப் பால் வருகிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். பார்த்துவிட்டுக் கையைக் கழுவுவது அதைவிட நல்ல பழக்கம்.

படத்தோடு தேதி, ஊர், வளர்ந்த இடம் (வயல் வரப்பா, குளக்கரையா, தோட்டத்தில் நட்டதா) மூன்றையும் எழுதுங்கள். நட்டதா தானாக முளைத்ததா என்பது சாதாரணக் குறிப்பாகத் தோன்றும். பிற்பாடு நாட்டுச் செடிக்கும் அழகுக்காக வளர்க்கும் வெளிநாட்டு உறவினச் செடிக்கும் இடையில் குழப்பம் வரும்போது அதுதான் கைகொடுக்கும். மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு அப்படி ஒரு உறவினம் உண்டு. நம் மூலிகைச் செடி ஸ்பாக்னெட்டிகோலா கலெண்டுலேசியா. பூங்காக்களிலும் சாலை நடுவிலும் தரைவிரிப்பாக நடுவது ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டா. இரண்டுக்கும் மஞ்சள் பூ. இரண்டாவதைப் பறித்துக் கூந்தல் எண்ணெய் காய்ச்சுபவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாம் படி: ஊர்ப்பெயரைக் கேட்டு எழுதுங்கள்

“இது கீழாநெல்லிதானே?” என்று கேட்டால் பாதிப் பேர் மரியாதைக்காக “ஆமா” என்பார்கள். “இதுக்கு என்ன பேருங்க?” என்று மட்டும் கேளுங்கள். பதில் வரும்வரை நீங்கள் எந்தப் பெயரையும் சொல்லக் கூடாது. கீரை விற்பவர், ஆடு மேய்ப்பவர், நாட்டு மருந்துக் கடைக்காரர், கோயிலில் பூக்கட்டுபவர் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்த செடிகள் வேறு. ஆடு மேய்ப்பவருக்கு ஆடு தொடாத செடிகளின் பெயர் துல்லியமாகத் தெரியும்; நஞ்சுச் செடி பற்றிக் கேட்க அவரைவிட நல்ல ஆள் இல்லை.

காதில் விழுந்தபடியே எழுதுங்கள். அகராதி வடிவத்துக்குத் திருத்தாதீர்கள். கரிசலாங்கண்ணி, கரிசாலை, கையாந்தகரை மூன்றும் ஒரே எக்லிப்டா ப்ராஸ்ட்ரேட்டாதான். ஆனால் எது எந்த ஊரில் வழங்குகிறது என்பதும் ஒரு தகவல். மணத்தக்காளியை மிளகுதக்காளி என்பாரும் சுக்குட்டிக் கீரை என்பாரும் உண்டு. ‘சரியான’ பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிட்டால், அந்த ஊர்க்காரர் உங்கள் பட்டியலில் தன் செடியைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஊர் இருக்கட்டும். ஊர் இல்லாத ஊர்ப்பெயர் பாதிப் பெயர்.

கடைப்பெயரும் செடிப்பெயரும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். சாதிக்காயும் சாதிபத்திரியும் கடையில் இரண்டு டப்பா. மரம் ஒன்று, மிரிஸ்டிகா ஃப்ராக்ரன்ஸ். விதை சாதிக்காய், அதைச் சுற்றியிருக்கும் சிவந்த வலை சாதிபத்திரி. திப்பிலியும் திப்பிலி மூலமும் அப்படியே ஒரே பைப்பர் லாங்கம் கொடியிலிருந்து வருபவை. இதற்கு நேர்மாறானது சீரகக் கூட்டம். சீரகம் குமினம் சைமினம். பெருஞ்சீரகம் ஃபீனிக்குலம் வல்கேர். தமிழ்நாட்டுச் சமையலறையில் அதற்குச் சோம்பு என்று பெயர், இலங்கைத் தமிழர் பெருஞ்சீரகம் என்றே சொல்வார்கள். இவை இரண்டும் கொத்தமல்லிக் குடும்பம். கருஞ்சீரகமோ நைஜெல்லா சட்டைவா, குடும்பமே வேறு. இந்தியில் காலா ஜீரா என்று கேட்டால் பல இடங்களில் வேறொரு மலைச் சீரகத்தை எடுத்துத் தருவார்கள். நம் கருஞ்சீரகத்துக்கு அங்கே கலோஞ்சி என்று கேட்க வேண்டும். கருமை என்றால் காலா, சீரகம் என்றால் ஜீரா என்று சொல்லுக்குச் சொல் மாற்றினால் கையில் வேறு பொட்டலம்தான் வரும்.

அடைமொழிகளிலும் இதே சிக்கல். வேம்பு அசாடிராக்டா இண்டிகா. மலைவேம்பு மீலியா டூபியா, வேம்பின் உறவு. நிலவேம்பு உறவே இல்லை. ஆண்ட்ரோகிராஃபிஸ் பானிகுலேட்டா என்ற சிறு செடி, கசப்பு மட்டும்தான் பொது. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம். நெருஞ்சிலும் ஆனைநெருஞ்சிலும் முள்ளுள்ள காயால் பெயர் பகிர்ந்துகொண்டவை. முதலாவது ட்ரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ், இரண்டாவது பெடாலியம் மியூரெக்ஸ், இரண்டும் வெவ்வேறு குடும்பம். ‘சீமை’ என்று தொடங்கினால் கடல் கடந்து வந்தது என்று ஓரளவு நம்பலாம். காடு, பேய், நாய், ஆனை, சிறு, பெரு ஆகியவை உருவத்தையும் சுவையையும் மனிதப் பயனையும் சொல்கின்றன, உறவைச் சொல்வதில்லை. தாவரவியல் தெரியாமல் வைத்த பெயர்கள் என்று இவற்றைக் குறைத்து எண்ண வேண்டாம். பயன்படுத்துபவர் பார்வையில் வகைப்படுத்தியவை அவை, அவ்வளவுதான்.

ஒரே பெயர் இரண்டு செடிக்கு இருப்பதும் சகஜம். கற்பூரவல்லி என்றால் சளிக்குக் கசாயம் வைக்கும் இலை. பழக்கடையில் கற்பூரவல்லி என்றால் வாழைப்பழம்.

மூன்றாம் படி: அறிவியல் பெயரை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அறிவியல் பெயர் இரண்டு சொல். முதல் சொல் பேரினம். லத்தீன் எழுத்தில் அதன் முதலெழுத்து பெரிது. இரண்டாவது சிற்றினம், அது ஊர்ப் பெயரிலிருந்து வந்திருந்தாலும் முழுக்கச் சின்ன எழுத்து. இரண்டும் சாய்வெழுத்தில் இருக்கும். கையால் எழுதினால் அடிக்கோடு. இந்த முறையைச் செடிகள் அனைத்துக்கும் சீராகப் பயன்படுத்திய சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸின் நூல் 1753இல் வந்தது. செடிப் பெயர்களில் எது முந்தியது என்ற கணக்கு அந்த ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது.

பெயருக்குப் பின்னால் வரும் சுருக்கெழுத்தைப் பலரும் வெட்டிவிடுகிறார்கள். வெட்டாதீர்கள். வல்லாரையைப் பாருங்கள்: சென்டெல்லா ஆசியாட்டிகா, பிறகு அடைப்புக்குறிக்குள் எல் என்ற எழுத்து, அதற்கு வெளியே அர்ப் என்ற சுருக்கம். எல் லின்னேயஸ், அவர் 1753இல் இதை ஹைட்ரோகாட்டைல் என்ற பேரினத்தில் வைத்தார். அர்பன் என்ற ஜெர்மானியர் 1879இல் சென்டெல்லாவுக்கு மாற்றினார். அடைப்புக்குறியைப் பார்த்ததுமே, இது இடம் மாறிய செடி, இதற்குப் பழைய பெயர் ஒன்று கட்டாயம் இருக்கும், பழைய நூல்களில் அந்தப் பெயரில்தான் தேட வேண்டும் என்று புரிந்துவிடும்.

சிற்றினச் சொல்லின் பொருளை வைத்துச் செடியின் பூர்வீகத்தை முடிவு செய்யாதீர்கள். புளிக்கு டாமரிண்டஸ் இண்டிகா என்று பெயர். அது ஆப்பிரிக்க மரம். சங்குப்பூவின் பெயரில் உள்ள டெர்னாட்டியா இந்தோனேசியத் தீவான டெர்னாட்டேயைச் சொல்கிறது. கற்பூரவல்லியின் ஆம்போயினிகஸ் அம்போன் தீவை. அதே கற்பூரவல்லிக்கு ஆங்கிலத்தில் கியூபா ஓரிகானோ, மெக்சிகோ புதினா, ஸ்பெயின் தைம், இந்திய போரேஜ் என்றெல்லாம் பெயர்கள் உண்டு. உண்மையில் அது ஓரிகானோவும் இல்லை, புதினாவும் இல்லை, தைமும் இல்லை, போரேஜும் இல்லை.

தமிழ் வாசகருக்கு இந்தப் படியில் ஒரு சின்ன மகிழ்ச்சியும் இருக்கிறது. மோரிங்கா என்ற பேரினப் பெயரில் முருங்கை இருக்கிறது. மாங்கிஃபெராவில் மாங்காய் இருக்கிறது. ஆடாதோடையின் சிற்றினப் பெயரே அதாதோடா. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளியிட்ட மலபார்த் தாவர நூலில் படத்தோடு மலையாளப் பெயர்களும் இருந்தன. இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியர் அதற்குத் தகவல் தந்தவர்களில் முதன்மையானவர். லின்னேயஸ் அந்த நூலைப் பார்த்துப் பல பெயர்கள் வைத்தார். மேலாநெல்லியின் மதராஸ்படென்சிஸ் என்ற சிற்றினப் பெயரில் மதராஸ்பட்டினம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

சிற்றினத்துக்குக் கீழேயும் பெயர்கள் உண்டு. வாழை, மா, நெல், கத்தரி போன்றவற்றில் நாம் சொல்லும் பெயர்கள் பெரும்பாலும் பயிர்வகைகள். ஒவ்வொன்றுக்கும் தனி அறிவியல் பெயர் தேட வேண்டாம். ஆனால் இங்கேயும் மாநில எல்லையில் கவனம் வேண்டும். தமிழ்நாட்டின் பூவன் வாழை கேரளத்தில் பாளையங்கோடன். கேரளத்தில் பூவன் என்று கேட்டால் நம் ரஸ்தாலி வரும்.

நான்காம் படி: இன்றைய பெயர் எது என்று பாருங்கள்

அறிவியல் பெயர் மாறாது என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மாறும். மாறுவதற்கும் விதிகள் உண்டு, பழைய பெயரும் ‘ஒத்த பெயர்’ என்ற நிலையில் ஏட்டில் இருக்கும். லண்டன் கியூ தாவரவியல் பூங்கா நடத்தும் பிளான்ட்ஸ் ஆஃப் த வேர்ல்ட் ஆன்லைன் என்ற இணையதளத்தில் கையிலுள்ள பெயரை இடுங்கள். ஏற்கப்பட்ட பெயரா, ஒத்த பெயரா என்று முதல் வரியிலேயே சொல்லிவிடும். ஒத்த பெயரானால் இன்றைய பெயருக்கு இணைப்பு தரும். முதலில் எங்கே, யார் வெளியிட்டது என்று பார்க்க சர்வதேசத் தாவரப் பெயர்ச் சுட்டி இருக்கிறது. வேர்ல்ட் ஃப்ளோரா ஆன்லைனையும் பார்க்கலாம். இரண்டு தளங்கள் சில செடிகளில் ஒத்துப்போகாது. பதற வேண்டாம், எந்தத் தளத்தை எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்று எழுதிவையுங்கள், போதும்.

தமிழ்நாட்டில் அதிகம் தடுமாற வைப்பவை வேலமரங்கள். அக்கேசியா என்ற பெயர் ஆஸ்திரேலிய மரங்களுக்கே இருக்கட்டும் என்று 2005இல் வியன்னா தாவரவியல் மாநாட்டில் முடிவானது. 2011இல் மெல்போர்னில் அது உறுதியானது. அதனால் நம் கருவேலம் வாச்செல்லியா நிலோட்டிகா ஆகிவிட்டது. நைல் நதிக்கரை மரம் அக்கேசியா என்ற பெயரை ஆஸ்திரேலியாவுக்கு விட்டுக்கொடுத்ததில் ஆப்பிரிக்கத் தாவரவியலாளர் பலருக்கு வருத்தம். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. விதி விதிதான். சீமைக்கருவேலமும் பெயர் மாறியது: புரோசோபிஸ் பேரினத்தை 2022இல் பிரித்ததில் அது நெல்டூமா ஜூலிஃப்ளோரா ஆனது. வன்னி மரம் மட்டும் புரோசோபிஸ் சினரேரியாவாக அப்படியே நின்றது. அரசாணையிலும் நீதிமன்றத் தீர்ப்பிலும் பழைய பெயரே இருக்கும். அதனால் பழைய பெயரை அழித்துவிடாதீர்கள். பக்கத்து நிரலில் வையுங்கள்.

கறிவேப்பிலை போன வழியிலேயே திரும்பி வந்திருக்கிறது. லின்னேயஸ் வைத்த பெயர் பெர்கேரா கோனிகியை. பிறகு வந்தவர்கள் அதை முர்ராயா பேரினத்துக்குக் கொண்டுபோனார்கள்; பாடநூல்களில் அந்தப் பெயர்தான். இன்று கியூ தளம் மறுபடி பெர்கேரா என்கிறது. இரண்டாம் சொல் எங்கும் போகவில்லை: அது தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் மருத்துவராக இருந்த கோனிக்கின் பெயர். கற்பூரவல்லியும் அப்படியே கோலியஸிலிருந்து பிளெக்ட்ராந்தஸுக்குப் போய், 2019இல் கோலியஸுக்கே திரும்பியது.

நித்தியகல்யாணி காதராந்தஸ் ரோசியஸ் ஆகிவிட்டாலும், அதிலிருந்து எடுக்கும் புற்றுநோய் மருந்து வின்கிரிஸ்டினில் பழைய பேரினப் பெயரான வின்கா ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒத்த பெயர்களைக் குறித்து வைத்தால்தான் இந்தத் தொடர்பெல்லாம் கண்ணில் படும்.

பெயர் மாறியதும், பெயர் தவறாகப் பொருந்தியதும் வெவ்வேறு. கீழாநெல்லி இரண்டாவது வகை. பல பொட்டலங்களிலும் கட்டுரைகளிலும் அதற்கு பில்லாந்தஸ் நிரூரி என்று போட்டிருக்கும். நிரூரி அமெரிக்கச் செடி. நம் வரப்பில் முளைப்பது பொதுவாக பில்லாந்தஸ் அமாரஸ். தரவுதளத்தில் நிரூரி என்று இட்டால் ‘ஏற்கப்பட்ட பெயர்’ என்றே வரும், ஏனென்றால் அந்தப் பெயர் சரிதான், செடிதான் வேறு. இந்தத் தவறை எந்தத் தளமும் உங்களுக்காகத் திருத்தாது. பரவல் வரைபடத்தைத் திறந்து, அந்தச் செடிக்குத் தென்னிந்தியாவோ இலங்கையோ நிறமிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நிமிடத்தில் முடியும் வேலை. பாதித் தவறுகளை இதுவே பிடித்துவிடும்.

ஐந்தாம் படி: அடுத்த மொழிக்குத் தாண்டுதல்

இப்போதுதான் மொழிபெயர்க்கும் வேலை. உங்கள் கையில் உறுதியான அறிவியல் பெயர் இருக்கிறது. அதை வைத்து மலையாளத்திலும் தெலுங்கிலும் சிங்களத்திலும் தேடுங்கள். தமிழ்ப் பெயரை வைத்துத் தேடாதீர்கள்.

வல்லாரை நல்ல பயிற்சி. மலையாளத்தில் குடங்ஙல் அல்லது முத்திள், தெலுங்கில் சரஸ்வதி ஆக்கு, கன்னடத்தில் ஒந்தெலகா, சிங்களத்தில் கொட்டுகொள, மலாயில் பெகாகா. ஒன்றுக்கொன்று ஒலியொற்றுமையே இல்லை. அதனாலேயே ஆபத்தும் இல்லை. ஆபத்து ‘பிரம்மி’யில். வட இந்தியாவில் பல இடங்களில் வல்லாரையைத்தான் பிராமி என்பார்கள். கேரளத்திலும் நம்மிடமும் பிரம்மி, நீர்ப்பிரம்மி என்பது பக்கோபா மொன்னியேரி, சிங்களத்தில் லுணுவில. இரண்டும் ஈரத்தில் வளர்வன, இரண்டும் நினைவாற்றலுக்கு என்று விற்கப்படுவன. இந்திக் கட்டுரையை மொழிபெயர்ப்பவர் பிராமி என்ற சொல்லைக் கண்டால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அறிவியல் பெயரைத் தேட வேண்டும்.

சங்கபுஷ்பி இன்னும் மோசம். கேரளத்தில் அது சங்குப்பூக் கொடி, கிளிட்டோரியா டெர்னாட்டியா. வடக்கே பெரும்பாலும் கன்வால்வுலஸ் ப்ராஸ்ட்ரேட்டஸ் என்ற தரைச் செடி. சில ஊர்களில் நாம் விஷ்ணுகிரந்தி என்கிற எவால்வுலஸ் அல்சினாய்ட்ஸ். சமஸ்கிருதப் பெயர் கிடைத்தால் நாடு முழுவதும் ஒரே செடிதான் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் சமஸ்கிருதப் பெயருக்கும் பக்கத்தில் ஊர் எழுதியாக வேண்டும்.

அரளிக்கு வருவோம். நீரியம் ஒலியாண்டர் தெலுங்கில் கன்னேரு, கன்னடத்தில் கணகிலெ, இந்தியில் கனேர், சிங்களத்தில் கனேரு. மலையாளத்தில் அரளி. புளூமேரியா தெலுங்கில் தேவகன்னேரு, கன்னடத்தில் தேவகணகிலெ. அதாவது, தாவரவியலார் ஒரே குடும்பத்தில் வைத்த இரண்டையும் தெலுங்கரும் கன்னடரும் முன்பே உறவாகப் பார்த்திருக்கிறார்கள். தமிழின் பழைய அகராதிப் பெயரான ஈழத்தலரியும் அதே பார்வைதான். மலையாளி மட்டும் மணத்தைப் பார்த்து ஈழச்செம்பகம் என்றார். மராத்தியர் சாஃபா என்பதும் செண்பகத்தோடு சேர்த்துத்தான். ஈழம் என்று இரண்டு மொழியிலும் இருப்பதால் மரம் ஈழத்தில் பிறந்தது என்று எழுதிவிடாதீர்கள். எந்தப் பக்கத்திலிருந்து வந்ததாக மக்கள் நினைத்தார்கள் என்பதற்கு மட்டுமே அது சான்று.

2024 மே மாதம் கேரளத்தில் கோயில்களை நிர்வகிக்கும் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் வாரியங்கள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை விலக்கின. அந்தச் செய்தியை ஒலியை மட்டும் வைத்துச் சிங்களத்துக்குக் கொண்டுபோனால், விகாரையில் நாள்தோறும் வைக்கும் பூவுக்குத் தடை என்றாகிவிடும்.

ஆங்கில எழுத்தில் எழுதிய இந்தியப் பெயர்களை நம்பி இறங்காதீர்கள். நெடில், குறில், லகர ளகர ழகர வேறுபாடு எல்லாம் அதில் கரைந்துவிடும். ‘பி ஏ எல் ஏ’ என்று நான்கெழுத்து இருந்தால் அது தமிழ்ப் பலாவாக இருக்கலாம்; மலையாளப் பாலாவாக இருந்தால் ஏழிலைப்பாலை, அல்ஸ்டோனியா ஸ்காலரிஸ். பாலை என்ற தமிழ்ச் சொல்லே இலங்கையின் வன்னிப் பகுதிக் காட்டில் பழம் தரும் மனில்காரா ஹெக்ஸாண்ட்ராவைச் சொல்லும். சிங்களத்தில் அது பலு. பழைய தாவர நூல்களில் எல்லா வட்டாரப் பெயர்களும் ரோமன் எழுத்தில்தான் இருக்கும். அவற்றைத் தமிழுக்குத் திருப்பும்போது ஊகிக்காமல், அந்தப் பகுதி ஆளிடம் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

சங்க இலக்கியப் பெயர்களைப் பொருத்தும் ஆசை எல்லாருக்கும் வரும். குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களுக்கும் அறிவியல் பெயர் எழுதிய பட்டியல்கள் இணையத்தில் உலவுகின்றன. காந்தள் குளோரியோசா சூப்பர்பா என்பதில் சந்தேகமில்லை; அதுவே கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு, சிங்களத்தில் நியங்கலா, மலையாளத்தில் மேந்தோன்னி. ஆனால் 99 பூவுக்கும் அதே உறுதியோடு எழுத முடியாது. உரைகாரர்களும் பிற்கால அறிஞர்களும் பல பூக்களில் வேறுபடுகிறார்கள். ஆகவே இலக்கியப் பெயருக்குத் தனி நிரல் வைத்து, யார் கருத்து என்று பக்கத்தில் எழுதுங்கள்.

ஆறாம் படி: பதிவேட்டை அமைப்பது

எக்செல் தாளோ கோடு போட்ட நோட்டோ எதுவானாலும் சரி. ஒரு வரிக்கு ஒரு பெயர் என்று வையுங்கள், ஒரு செடி என்று வைக்காதீர்கள். ஒரே கட்டத்தில் ஐந்து பெயரைக் காற்புள்ளி போட்டு அடைத்தால், எந்தப் பெயர் எந்த ஊருடையது என்பது போய்விடும். அரளிக்கு இரண்டு வரிகள் இப்படி இருக்கும்:

அரளி | தமிழ் | மதுரை | பூக்கட்டுபவர் சொன்னது | நீரியம் ஒலியாண்டர் | அப்போசைனேசி | செடியைப் பார்த்தது, படம் உண்டு | உறுதி

அரலிய | சிங்களம் | கொழும்பு | எழுத்து மூலம் | புளூமேரியா | அப்போசைனேசி | செடியைப் பார்க்கவில்லை | நல்ல சான்று; தமிழ் அலரியோடு குழப்பம் வரும்

கடைசி நிரல்தான் முக்கியம். உறுதி, நல்ல சான்று, கேள்விப்பட்டது என்று மூன்று நிலை போதும். இணையத்தில் ஒரே பெயரைப் பல தளங்கள் சொல்வது பல சான்று ஆகாது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மற்றவை நகலெடுத்திருக்கும். எழுத்துப்பிழை உட்பட ஒரே மாதிரி இருந்தால் அது நகல்தான்.

ஏழாம் படி: சந்தேகத்தை யாரிடம் தீர்ப்பது

ஐநேச்சுரலிஸ்ட், பிளான்ட்நெட் போன்ற செயலிகளை முதல் குறிப்புக்குப் பயன்படுத்துங்கள். குடும்பம், பேரினம் வரை நன்றாகவே சொல்கின்றன. கீழாநெல்லி போல ஒன்றுக்கொன்று நெருங்கிய சிறு செடிகளில் சிற்றினத்தை நம்ப முடியாது. தின்பதற்கோ மருந்துக்கோ என்றால் செயலியின் சொல்லை முடிவாகக் கொள்ளவே கூடாது. கண்வலிக்கிழங்கையும் மஞ்சள் அரளி விதையையும் தின்றால் உயிர் போகும்.

அச்சு நூல்களில், தமிழ்நாட்டுச் சமவெளிக்குத் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்செடிச் சேகரிப்பிலிருந்து கே. எம். மேத்யூ எழுதிய தொகுதிகளும், பழைய சென்னை மாகாணம் முழுவதற்கும் 1915 முதல் 1936 வரை வந்த கேம்பிளின் நூலும் உள்ளன. இலங்கைக்கு, பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ட்ரைமன் 1893இல் தொடங்கிய கைந்நூல். அதில் சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் அருகருகே இருக்கும். இவற்றில் அறிவியல் பெயர்கள் அந்தக் காலத்தவை என்பதால் நான்காம் படியை ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும்.

உலர்செடிகளைச் சேர்த்து வைக்கும் ஹெர்பேரியத்துக்கும் அனுப்பலாம். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டலப் பிரிவில் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. பல கல்லூரித் தாவரவியல் துறைகளிலும் சிறிய அளவில் உண்டு. முன்கூட்டி எழுதிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். பூவோ காயோ உள்ள கிளையாக, ஒரு செய்தித்தாள் பக்கத்துக்குள் அடங்குமாறு வெட்டி, தாள்களுக்கிடையில் பரப்பி, மேலே பாரம் வையுங்கள். ஒரு இலையையாவது பின்புறம் தெரியும்படி திருப்பி வையுங்கள். தாளை நாள்தோறும் மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் மாற்றாவிட்டால் பூசணம் பிடித்துவிடும். காய்ந்தபின் செடியில் தெரியாமல் போகிறவற்றை, அதாவது பூவின் நிறம், மணம், பால் உண்டா, செடியின் உயரம் ஆகியவற்றை அன்றே துண்டுச்சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளேயே வைத்துவிடுங்கள். அதே சீட்டில் கேட்ட ஊர்ப்பெயரையும், சொன்னவர் எந்த ஊர்க்காரர், என்ன தொழில் செய்பவர் என்பதையும் எழுதுங்கள்.